கடல் தாண்டாத நாயக் அழகுமலை

அக்கிராசனம் வகிக்கும் பெரியவர் பிச்சைமணி அவர்களே, நம் பழைய பட்டாளத்தார் சங்கத்தின் காரியதரிசி ஹவில்தார் ஷேக் மைதீன் அவர்களே, பெஞ்சுகளில் அமர்ந்திருக்கும் பாஸ்ராக்காரர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு நம் அழைப்பையும் மதித்து வந்திருக்கும் கஸ்தூரியம்மாள் அவர்களே, உள்ளே வராமல் வாசலுக்கு வெளியே நிற்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் மார்க்கையன்கோட்டை அம்மாவாசியின் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தத் தாளில் இருப்பது என் சொந்தக் கையெழுத்து. எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. ஓர் எழுத்து கடலைப்பருப்பு அளவு, பக்கத்து எழுத்து பூசணிக்காய் அளவு. அதனால் நடுநடுவே நின்றுதான் வாசிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தெட்டு வயதில் நான் எழுதியதை நானே வாசிக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தோஷம். இரங்கல் கூட்டத்தில் அதைச் சொல்லக்கூடாது. ஆனால் இன்று நான் வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டியதே அந்தச் சந்தோஷத்தைப் பற்றித்தான்.

நாயக் அழகுமலை அவர்கள் காலமாகி இன்றோடு இருபத்திரண்டு நாள். வயது இருபத்தொன்பது. எங்கள் ஊர்க்காரர், எனக்கு மகன் முறை. ஆனாலும் பட்டாளத்தில் அவர் நாயக் பதவிக்காரர், நான் கோவேறு கழுதை ஓட்டிய சிப்பாய். ஆகவே ‘அவர்’ என்றே சொல்வேன். ஐந்து வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். அதில் இரண்டு வருஷம் இம்பால் மலைப்பாதையில். மேலே ஜப்பான்காரன் விமானம், கீழே ஆயிரம் அடிப் பள்ளம். குண்டுகளையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு போய், காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பினார். அந்தக் காட்டில் பிடித்த காய்ச்சல்தான் கடைசியில் அவரைக் கொண்டுபோயிற்று.

அப்படிப்பட்டவரை நம் சங்கம் எப்படி வரவேற்றது?

போன சித்திரையில் அவர் நான்கு தோழர்களோடு இந்த வாசலில் வந்து நின்றார். சங்கத்தில் சேர வேண்டும் என்றார். நாம் என்ன கேட்டோம்? எத்தனை வருஷம் இருந்தாய் என்று கேட்டோமா? உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டோமா? பாஸ்ராவில் சமையல் பார்த்த நம் பலவேசம்தான் வாயைத் திறந்தார்.

“ஏலே, கடல் தாண்டுனியா?”

“இல்லைங்கய்யா. இங்கன ரயில் ஏறி அங்கன போய் இறங்குனோம். அதுக்கு மேல லாரி.”

“ரயில்ல போனா அது சண்டையாலே? எங்க மதினிகூடத்தான் ரயில்ல பழனிக்குப் போயிட்டு வந்தாக.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அழகுமலையும் சிரித்தார். “உங்க மதினி வந்த வண்டியில குண்டு விழலையேய்யா,” என்றார். நாம் அப்போதும் இடம் விடவில்லை. அன்று பலவேசத்தைவிட உரக்கச் சிரித்தது யார் தெரியுமா? நான்தான்.

கடல் தாண்டியிருக்க வேண்டும் என்று நாம் ஏன் விதி வைத்தோம்? ஜெர்மன் சண்டை முடிந்து சங்கம் தொடங்கியபோது, நாம் எல்லோருமே பம்பாயில் கப்பல் ஏறி அரபு தேசத்துப் பாஸ்ராவுக்குப் போனவர்கள். நடந்தும் ரயிலிலும் போய்ச் சேருகிற தூரத்துக்கு ஒரு சண்டை வரும் என்று அன்று யாருக்குத் தெரியும்? சண்டை மாறிவிட்டது. விதி மாறவில்லை. அறுபது பேராக இருந்த சங்கம் பத்தொன்பது பேராகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை பதக்கத்தைப் புளி போட்டுத் துலக்குகிறோம். மாதம் ஒருமுறை டீ குடித்துவிட்டு, கேட்ட கதையையே திரும்பக் கேட்கிறோம். வேறு என்ன செய்தோம்?

அழகுமலை கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தாலுகா கச்சேரிக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டாளத்துப் பள்ளியில் அவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சண்டையிலிருந்து திரும்பி வேலையில்லாமல் நின்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். டிரைவர் லைசென்சுக்கு, வராத பதக்கத்துக்கு, கால் போனவனுக்குக் கட்டைக்காலுக்கு. கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெஞ்சு இல்லை, விதி இல்லை, கடலா ரயிலா என்ற கேள்வி இல்லை.

நானும் ஒருநாள் போனேன். என் டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது, நகல் கேட்டு மனு எழுத வேண்டியிருந்தது. நான் சிரித்த சிரிப்பு அவருக்கு ஞாபகம் இருக்குமே என்று கூசிக்கொண்டுதான் போனேன்.

“வாங்க பெரியப்பா. பாஸ்ராவுல என்னைக்கு இறங்குனீக?” என்று கேட்டார்.

நான் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தினார்.

“பதினெட்டாம் வருஷம் கார்த்திகை மாசமா? அதுக்கு முந்தியே சண்டை நின்னுருச்சே பெரியப்பா?”

ஆமாம். சங்கத்தாரே, இருபத்தெட்டு வருஷமாக உங்களிடம் சொல்லாததை இன்று சொல்கிறேன். நான் பாஸ்ராவில் இறங்கியபோது சண்டை முடிந்திருந்தது. பதினொரு மாதம் கோவேறு கழுதைகளுக்குப் புல் போட்டேன். ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட என் காதில் விழவில்லை. இந்த இடது கால் குண்டு பட்டு நொண்டுகிறது என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அது கழுதை உதைத்த கால்.

அதையும் அன்று அழகுமலையிடம் சொல்லிவிட்டேன். அவர் என் காலைக் குனிந்து பார்த்தார். “குண்டாவது குறி தப்பும் பெரியப்பா. கழுதைக்குத் தப்பாது,” என்றார். அதோடு சரி. யாரிடமும் சொல்லவில்லை. தன்னைப் பார்த்துச் சிரித்தவனின் பொய் அவர் கையில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியுமா? அவர் சொல்லவில்லை.

மனுவின் அடியில் கைநாட்டு வைக்க விரலை நீட்டினேன். “மையைத் தொடாதீக. உங்க பேரு எத்தனை எழுத்து? அஞ்சே அஞ்சு. எழுதிருங்க,” என்றார். அந்த ஐந்து எழுத்துக்கு எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. பிறகு விடவில்லை. கடைப் பலகை, பஸ்ஸின் முகப்பு, தீப்பெட்டி, எதைக் கண்டாலும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். வீட்டில் என் சம்சாரம் மலையம்மாள், “புது மாப்பிள்ளையாட்டம் ஆடாதீக,” என்று ஏசினாள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று நம் மாதக் கூட்டம். காலை பத்து மணிக்கு கஸ்தூரியம்மாளின் அண்ணன் கருத்தக்கண்ணன் சைக்கிளில் வந்தார். அழகுமலை விடியற்காலையில் போய்விட்டார் என்றார். “பட்டாளத்து ஆளுக வந்து தூக்கணும்னு தங்கச்சி பிரியப்படுது. மச்சானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக,” என்றார். சங்கத்தில் ஒருவர் இறந்தால் ஆறு பேர் காக்கிக் கோட்டு மாட்டிப் போய்ப் பாடை சுமப்பது நம் வழக்கம் அல்லவா? அதைத்தான் கேட்டார்.

போகலாம் என்றார் ஷேக் மைதீன் அவர்கள். விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றார் பலவேசம். காரியதரிசிக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அந்த விதிப் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. அம்மாவாசிக்குத்தான் இப்போது வாசிக்கத் தெரியுமே என்று என் கையில் கொடுத்தீர்கள்.

நான் எழுந்து நின்று வாசித்தேன். எட்டாவது விதியை மட்டும் வாசித்தால் போதும். நான் முதல் விதியிலிருந்து ஆரம்பித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக. நீங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டீர்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம். அங்கே அழகுமலை கிடத்தப்பட்டிருக்கிறார். இங்கே அவர் கொடுத்த எழுத்தை வைத்துக்கொண்டு நான் சந்தோஷமாக இருக்கிறேன். எட்டாவது விதி வந்தது. “கடல் கடந்து சென்று யுத்தசேவை செய்தவர்கள் மட்டுமே அங்கத்தினர் ஆவர்.” அதை இரண்டு முறை வாசித்தேன். முதல் தடவை திக்கிவிட்டது என்பதற்காக.

அழகுமலை எனக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தார். அந்த எழுத்தைக் கொண்டு நான் முதலில் செய்த காரியம், அவரை வெளியே நிறுத்தியது.

கருத்தக்கண்ணன் ஜன்னல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “இருக்கட்டும் மாமா, மெதுவா வாசிங்க. நாங்களே தூக்கிக்கிறோம்,” என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார். நான் ஓடிப்போய் மறித்திருக்கலாம். விதிப்படி கடல் தாண்டிய நானே சண்டையைப் பார்க்காதவன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புத்தகத்தை மூடக்கூட இல்லை. அன்று பாடை சுமந்தவர்கள், இதோ வாசலுக்கு வெளியே நிற்கும் இந்த நான்கு தம்பிமார்கள்.

கஸ்தூரியம்மா, உங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சங்கத்தாரே, எட்டாவது விதியை எடுத்துவிடலாம் என்று நேற்று பேசினீர்கள். நல்லது. எடுத்துவிட்டால் தம்பிமார்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்றும் பேசினீர்கள். ஏன் வர வேண்டும்? இந்த அறையில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? மரத்தடியில் அழகுமலை விட்ட இடத்தில் அவர்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். போன ஞாயிறு நாற்பது பேர் வந்திருந்தார்கள். நம்மிடம் மொத்தமே பத்தொன்பது பேர்.

ஆகவே, தம்பிமார்களே, உள்ளே வாருங்கள் என்று உங்களை அழைக்க எனக்கு நா எழவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மனு எழுதியிருக்கிறேன். வாசிக்கிறேன்.

‘புளியமரத்தடி பட்டாளத்தாருக்கு. மார்க்கையன்கோட்டை அம்மாவாசி எழுதுவது. நான் கடல் தாண்டியவன். சண்டை பார்க்காதவன். நாயக் அழகுமலையிடம் எழுத்துக் கற்றவன். அவருக்குத் தோள் கொடுக்காதவன். ஒரு மனு எழுத எனக்கு அரை நாள் ஆகும். அவசரமில்லாத மனுக்களை என்னிடம் கொடுக்கலாம். முதலில் கஸ்தூரியம்மாளின் விதவைப் பென்ஷன் மனுவை, அவர்கள் சம்மதித்தால், எழுதுகிறேன். என்னை உங்களோடு சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

இதை உங்களிடம் இப்போது கொடுக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மரத்தடிக்கு வருகிறேன், அங்கே சொல்லுங்கள். வேண்டாம் என்று சொன்னால் நியாயம்தான். அடுத்த வாரம் இன்னொரு மனு எழுதிக்கொண்டு வருவேன்.