மவுஸ் ஓடுது, கார்டு வரல

— ஆடுதா?

— ஆடுதுங்க. அம்புக்குறி அங்கிட்டும் இங்கிட்டும் நல்லாத்தான் ஓடுது.

— அப்ப ஓட்டைல கோளாறு இல்ல. மவுஸக் கழட்டிட்டு அதே ஓட்டைல கார்டு ரீடரச் சொருகு, லச்சுமி.

— சொருகியாச்சு... ம்ஹூம். ஒண்ணும் வரல.

— லைட்டு?

— ரீடர்ல லைட்டு எரியுது. லேப்டாப்புக்குத்தான் கண்ணு தெரியல.

— தள்ளு, நான் ஊதிப் பாக்குறேன்.

— நீங்க ஊதுனதுல பாதி எச்சிதான் உள்ள போயிருக்கு. போதும்.

— தூசி இருந்தா?

— தூசி இருந்தா மவுஸ் மட்டும் எப்படி ஓடும்? ஏங்க... பேசாம ஜீப்பு ஸ்டாண்டு செக்ரட்டரி அண்ணன்கிட்ட கேமரா கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிரலாம்ல?

— சொல்லிட்டு? இந்த மாரீஸ்வரன் குடிச்சிட்டு வந்துதான் ஸ்டாண்டு போர்ட முட்டித் தள்ளுனான்னு முடிவு பண்ணி, ஜீப்பு லிஸ்ட்ல இருந்து என் பேர வெட்டிருவாக. அதுக்கப்புறம் கொழுக்குமலைக்கு ஒரு டிரிப்பு கெடைக்குமா? பன்னெண்டு மணிக்குக் கமிட்டி. அதுக்குள்ள இந்தக் கார்டத் தெறந்தே ஆகணும்.

— தெறந்து?

— தெறந்து... பாக்கணும். ஜீப்புக் கண்ணாடில ஒட்டுன கேமராதான இப்ப நமக்கு சாட்சி? அன்னைக்கு விடியக்காலம் பனிமஞ்சு எப்படி ரோட்ட மூடிக் கெடந்துச்சுன்னு அதுல இருக்கும்ல?

— அதுக்கு முந்துன ராத்திரி பாண்டித்துரை அண்ணன் வீட்டுக் காதுகுத்துல நீங்க எப்படி மூடிக் கெடந்தீகன்னு சூரியநெல்லி ஊருக்கே தெரியும்.

— ஏய்... குடிச்சேன். இல்லன்னு சொன்னனா? குடிச்சிட்டு வண்டியத் தொட மாட்டேன். அது வேற, இது வேற.

— அப்பறம் எப்படி முட்டுனீக?

— அதான் சொன்னேன்ல... மஞ்சு. பேச்ச மாத்தாத. அந்தப் பக்கத்து ஓட்டைல சொருகு.

— அங்கயும் சொருகிப் பாத்தாச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பாத்தாச்சு. போன்ல பாக்கலாம்னா சொருகுறதுக்கு வயரு இல்ல. இனி அம்மி மேல வச்சு நசுக்குனாத்தான் உண்டு.

— இரு, இரு. வினோ மெசேஜ் போட்டுட்டான்.

— எந்த வினோ?

— பூப்பாறைல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான்ல. இன்னைக்குன்னு பாத்து தேனிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டான். பந்தில உக்காந்துக்கிட்டே எழுதியிருக்கான், பாவம். கருப்பு ஜன்னலத் தெறக்கணுமாம்.

— அது பேரு டெர்மினல்ங்க.

— டீச்சரம்மா சொன்னாச் சரி. தெற. எல்... எஸ்... யு... எஸ்... பி. சேத்து அடிக்கணும். நடுவுல எடம் விடக் கூடாதாம்.

— ம்... அடிச்சாச்சு.

— வாசி.

— என்னென்னமோ வருது. கேமரா... ப்ளூடூத்து... அப்பறம் ஒண்ணுமில்ல.

— கீழ வரியில கை வச்சு மறைக்கிறியே, அது என்ன?

— ...கார்டு ரீடர்.

— பாத்தியா! கண்ணு தெரியாம இல்ல! ஆளு வந்து நிக்கிறது அதுக்கு நல்லாத் தெரியுது. வாசல்ல நிக்க வச்சிட்டு உள்ள விட மாட்டேங்குது, அம்புட்டுத்தான்.

— இதெல்லாம் எப்பப் படிச்சீக?

— இப்பத்தான், வினோ எழுதியிருக்கான். அடுத்து எல், எஸ், பி, எல், கே. டிஸ்க்கு எல்லாத்தையும் காட்டுமாம்.

— லேப்டாப்போட டிஸ்க்கு மட்டும் காட்டுது. கார்டு இல்ல.

— கைய எடு... ஆமா, இல்ல. அதையும் அவனுக்கு அனுப்புறேன்.

— டீ போடட்டுமா?

— கார்டு வரட்டும்.

— காலைல இருந்தே குனிஞ்சு உக்காந்திருக்கீக. கழுத்து புடிச்சுக்கும். ஒரு வாய் குடிச்சிட்டு...

— ஏத்தத்துல நடுவழில வண்டி நின்னா டூரிஸ்ட்ட எறக்கி விட்டுட்டு வீட்டுக்கு வந்துருவனா? டயருக்குக் கல்லு வச்சிட்டு, பானட்டத் தெறந்து, என்னன்னு பாத்துட்டுத்தான் நகருவேன். இதுவும் அப்படித்தான். பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்.

— இது உங்க ஜீப்பு இல்ல, ஸ்கூல் லேப்டாப்பு. எதாவது ஆச்சுன்னா எச்.எம். என்னையத்தான் கேப்பாரு. டெய்லி வேஜஸ் டீச்சருக்கு நாளைக்கு வேலை இருக்கான்னே நிச்சயம் இல்ல.

— ஒண்ணும் ஆகாது. ஆனா பாஸ்வேர்டு கேட்டா நீதான் அடிக்கணும்.

— மறந்துபோச்சு.

— நேத்து ராத்திரி அடிச்சியே. நான் பாயில இருந்து பாத்தனே.

— ...நேத்து ஞாபகம் இருந்துச்சு.

— நல்லா இருக்கு உன் ஞாபகம். இந்தா, வினோ திரும்பப் போட்டுட்டான். என்ன எழுதியிருக்கான்... "அண்ணே, ஸ்கூல் லேப்டாப்பா? பரீட்சை நேரத்துல பென்டிரைவ் ஏறாமப் பூட்டி வப்பாக. அந்தப் பூட்டு அப்படியே கெடக்கான்னு பாரு." எங்க பாக்கணும்னும் போட்டிருக்கான்.

— அதெல்லாம் இருக்காதுங்க.

— இருக்கா இல்லையான்னு பாத்துட்டா என்ன? எழுத்து நான் சொல்றேன், நீ அடி. இல்ல, நகரு, நானே அடிக்கிறேன். ஒத்த வெரல்ல அடிச்சாலும் வந்து சேரும்ல?

— ஸ்லாஷ் கீழ இருக்கு. அது இல்ல... கேள்விக்குறி இருக்குற எடத்துல.

— வந்துருச்சு. ஒரு ஏழெட்டு ஃபைல் இருக்கு. எல்லாம் பழைய தேதி... கடைசி ஒண்ணு மட்டும்... எக்ஸாம்னு பேரு. தேதி... லச்சுமி, இது நேத்துத் தேதி.

— அப்படியா?

— பத்தாம் கிளாஸ் பரீட்சை முடிஞ்சு, ரிசல்ட்டும் வந்து, பிள்ளைக பிளஸ் ஒண்ணுக்கே போயிருச்சுக. நேத்து யாருக்குப் பரீட்ச? ஏ லச்சுமி.

— உங்களுக்குத்தான்.

— நீயா பூட்டுன?

— நான்தான். பிள்ளைக பென்டிரைவ்ல விடையக் கொண்டாந்துரக் கூடாதுன்னு ஸ்கூல்ல இப்படித்தான் பூட்டுவோம். மவுஸ், கீபோர்டு எல்லாம் ஓடும். பென்டிரைவ், கார்டு மட்டும் ஏறாது.

— அடிப்பாவி! காலைல இருந்து என்னைய ஊத விட்டு, துணியால தொடைக்க விட்டு, கல்யாண வீட்ல சோறு திங்கிறவன எந்திரிக்க விட்டு...

— நீங்க அம்புட்டு அக்கறையா ஊதுனீக. தடுக்க மனசு வரல.

— வெளையாடாத புள்ள. என் பொழப்பு போகுது!

— நானும் அதத்தான் கேக்குறேன். கார்டக் கொண்டுபோயிக் கமிட்டில குடுத்தா அவங்களே போட்டுப் பாத்துக்கிருவாக. அவங்களுக்கு முன்னாடி நீங்க எதுக்குத் தெறக்கணும்?

— மஞ்சு தெரியுதான்னு...

— மஞ்சு அவங்க பாத்தாலும் தெரியும்.

— இல்ல, நல்லாப் பதிஞ்சிருக்கான்னு...

— உண்மையச் சொல்லுங்க.

— ...அந்தக் கேமராவுக்குக் காதும் இருக்கு. படம் கெடந்துட்டுப் போகட்டும், சத்தத்த மட்டும் எடுத்துரணும். அதுக்கு வழி இருக்குன்னு வினோ சொன்னான்.

— சத்தத்துல அப்படி என்ன இருக்கு? நீங்க பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டுனீகளா?

— நான் ஓட்டவே இல்லையே. காதுகுத்து வீட்ல இருந்து வந்து பாயில விழுந்தவன் விடிஞ்சப்பறம்தான் எந்திரிச்சேன். உனக்குத் தெரியாதா? ஜீப்ப எடுத்துக்கிட்டு ஸ்டாண்டுக்குப் போயி நிக்கிறேன், போர்டு கவுந்து கெடக்கு. எல்லாப் பயலும் என் ஜீப்பு பம்பரையே பாக்குறான். போர்டோட மஞ்சப் பெயிண்டு அதுல ஒட்டியிருக்கு. ஜீப்பு தன்னால எந்திரிச்சுப் போச்சுன்னா சொல்ல முடியும்? சாவி நம்ம வீட்லதான், எடுக்க உன்னைய விட்டா யாரு இருக்கா? நான்தான் முட்டுனேன்னு சொல்லிட்டேன்.

— எல்லாம் தெரிஞ்சும் வீட்டுக்கு வந்து என்கிட்டயும் அதையே சொன்னீக.

— நீயும் "அப்படியா, பாத்து ஓட்டக் கூடாதா"ன்னு கேட்டுட்டுச் சோறு போட்ட.

— போட்டேன். எனக்குத்தான் எறங்கல. நீங்க பழிய ஏத்துக்கிட்டு அங்க தலகுனிஞ்சு நின்னீகன்னு பக்கத்து வீட்டு இருதயம்மாள் அக்கா வந்து சொன்னப்ப பாத்ரூம்ல போயி அழுதேன்.

— ஓட்டணும்னு ஆசை இருந்தா கேட்டிருக்கலாம்ல?

— கேட்டேன். பொங்கலுக்கு. "அகப்பைய ஒழுங்காப் புடி, அப்பறம் ஸ்டியரிங்கப் புடிக்கலாம்"னு சொல்லிச் சிரிச்சீக. நீங்க மட்டுமா, கூட இருந்த அத்தன பேரும் சிரிச்சாக.

— ...அது சும்மா சொன்னது.

— சிரிச்சதும் சும்மாதான். எனக்குத்தான் சும்மா இல்ல.

— சரி, தப்புதான். பெரிய தப்பு. இப்பக் கேளு. ஆட்டோல போனாக்கூட டிரைவருக்கு வழி சொல்லிக்கிட்டே வர்றவ நீ. அன்னைக்கும் வாய் சும்மா இருந்திருக்காது. கிளட்ச்சு, கியரு, முருகான்னு எதாவது சொல்லியிருப்ப. அது ஒண்ணு கேட்டாப் போதும், லைசென்ஸ் இல்லாத பொம்பள வண்டி எடுத்தான்னு கேஸு. என்னையக் குடிகாரன்னு சொல்லட்டும், லிஸ்ட்ல இருந்து பேர வெட்டட்டும், நான் மிளகோ ஏலக்காயோ ஏத்திப் பொழச்சுக்கிறேன். நீ போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கக் கூடாது. எனக்கு அது ஆகாது. அழாத. மணியாச்சு, பூட்டத் தெற.

— தெறக்குறேன். ஆனா கோவப்படக் கூடாது.

— மொதல்ல தெற.

— ஃபைல எடுத்தாச்சு... பாஸ்வேர்டு...

— இப்ப மட்டும் ஞாபகம் வந்துருச்சு!

— சும்மா இருங்க... ம். முடிஞ்சது. ரீடரக் கழட்டித் திரும்பச் சொருகுங்க.

— ஏ... வந்துருச்சு! வந்துருச்சு புள்ள! வரிசையாப் படம் வருது! எது அன்னைக்கு உள்ளது? மொத ஒண்ணத் தெறக்குறேன்... இதென்ன? சின்னப் பிள்ளைக தலைல காகிதப் பூ வச்சிக்கிட்டு ஆடுதுக?

— ஸ்கூல் ஆண்டுவிழா.

— ஜீப்புல எப்படி ஆண்டுவிழா வந்துச்சு?

— இது ஸ்கூல் கேமராக் கார்டுங்க. நேத்து நான்தான் மாத்தி வச்சேன்.

— அப்ப நம்ம கார்டு எங்க?

— மோகனசுந்தரம் அண்ணன்கிட்ட.

— செக்ரட்டரிகிட்டயா!

— விடிஞ்சதும் நடந்தே போயி அவரு கையில குடுத்துட்டு வந்தேன். நீங்க இதத் தெறந்தா மாத்துனது தெரிஞ்சிரும், உடனே ஓடிப்போயி அதப் புடுங்கிட்டு வந்துருவீக. அதுக்குத்தான் பூட்டு.

— ஐயோ... போட்டுக் கேட்டாரா?

— முழுசும். "அண்ணே, ஓட்டுனது நான், அவரு வீட்ல தூங்கிட்டிருந்தாரு"ன்னு சொல்லிட்டுத்தான் போடச் சொன்னேன். போர்டு மேல போறப்ப "கடவுளே, அவரு வண்டிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது"ன்னு கத்துறேன் பாருங்க, அது வரைக்கும் கேட்டாரு.

— போச்சு... எல்லாம் போச்சு. லைசென்ஸ் இல்லாம ஓட்டுனேன்னு நீயே போயி வாக்குமூலம் குடுத்திருக்க. லச்சுமி, இப்பக் கமிட்டில போயி நான் என்னன்னு சொல்லுவேன்?

— நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சனிக்கிழமையானா கிளஸ்டர் மீட்டிங்குன்னு அடிமாலிக்குப் போனேன்ல... மீட்டிங்கெல்லாம் இல்ல, டிரைவிங் ஸ்கூலு. மொத தடவ டெஸ்ட்டுல வண்டிய எச் வடிவுல ஓட்டுறப்ப கம்பியத் தட்டிட்டேன், ரெண்டாம் தடவ பாஸ். போன மாசமே லைசென்ஸ் கைக்கு வந்துருச்சு, சொன்னா திரும்பச் சிரிப்பீகன்னு சொல்லல. செக்ரட்டரி அண்ணன் அதையும் வாங்கிப் பாத்தாரு, போர்ட மட்டும் புதுசா எழுதி வச்சிருங்கன்னாரு. சட்டையப் போடுங்க, நேரமாச்சு... ம்ஹூம், அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கமா ஏறுங்க. நான் ஓட்டுறேன்.