நரித்தலை ஜாடி

உச்சி வெயில். எகிப்தின் பழைய கல்லறைகள் நிறைந்த குர்னா மலைக்குப் பின்னால் போகிற ஒற்றையடிப் பாதை. ஆள் நடமாட்டமே இல்லை. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? கிட்ட வந்து உட்காருங்கள்... நம் ஊர் ஷாஸ்லியின் ஒன்றுவிட்ட அண்ணன் பஸ்யூனிக்கு நடந்தது இது.

அவன் கழுதை ஒரு குழியில் காலை விட்டது. குனிந்து பார்த்தான். மண்ணுக்குள் ஒரு வெள்ளைக்கல் ஜாடி. மூடி, காது விறைத்த நரித்தலை. நெம்பித் திறந்தான். உள்ளே துணி சுற்றிய கறுப்புக் கட்டி, தார் போல இறுகிக் கிடந்தது. குச்சியால் குத்திப் பெயர்த்துக் கொட்டினான். தொப்... ஈரமாக விழுந்தது.

வீட்டில் அன்று காலைதான் பாலாடைக்கட்டி ஊறுகிற பானை விரிசல் விட்டிருந்தது. அவன் மனைவி தவ்லத்துக்கு ஜாடியைப் பார்த்ததும் சந்தோஷம்.

“உள்ள என்னங்க இருந்துச்சு?”

“என்ன இருக்கும்? மண்ணுதான்.”

வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்பிட்ட பாலாடைக்கட்டி, மிளகாய், மோர் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். பழைய பாலாடைக்கட்டியில் புழு நெளிவது நமக்குப் புதிதா? தட்டிவிட்டுத் தின்கிறவர்கள்தானே நாம். ஆனால் கொஞ்ச நாள் கழித்து மூடியைத் திறந்தபோது... புழுக்கள் கறுப்பு. பிசினும் பிணமும் கலந்த தித்திப்பு நாற்றம். தவ்லத் முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பஸ்யூனி விரலை விட்டு வழித்தான். பல்லில் ஏதோ நறுக்கென்று உடைந்து, தாடியில் கறுப்பாக வழிந்தது.

“அடியே, இப்படி ஒரு ருசியா!”

அதற்குப் பிறகு அவனுக்குப் பசி அடங்கவில்லை. அடுக்கடுக்காக ரொட்டி. ஒரு பானை அவரைப்பயறு.

“வயிறா அது, வாய்க்காலா?” என்று முதலில் சிரித்தாள். ஆட்டுக்கு ஊறவைத்த தவிட்டை அவன் நக்கித் தின்ற அன்று சிரிப்பு போய்விட்டது. எவ்வளவு தின்றும் வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

ஒருநாள் இருமினான். வாயோரம் ஒரு நுனி தொங்கியது. இழு என்று சைகை காட்டினான். இழுத்தாள். பழுப்பு நிறத் துணிப்பட்டை... வழவழவென்று... வந்துகொண்டே இருந்தது. கையில் வெதுவெதுப்பு. அங்கேயே வாந்தி எடுத்தாள்.

அகழாய்வில் கூலிக்குப் போகிற தன் தம்பி ஹிஃப்னியைக் கூட்டிவந்தாள். ஜாடியைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

“மச்சான், உண்மையச் சொல்லு. இதுக்குள்ள கட்டி ஏதாச்சும் இருந்துச்சா?”

“இருந்துச்சு... கொட்டிட்டேன்.”

“அடப்பாவி! அது ஒருத்தனோட இரைப்பைய்யா! செத்தவன் மறு உலகம் போயும் சாப்பிடணும்னு, அந்தக் காலத்துல இடது பக்கம் கீறி எடுத்துப் பத்திரமா வச்சிருப்பாங்க. வா, அதைப் பொறுக்கி உள்ள வச்சிட்டு வந்துருவோம்.”

போனார்கள். மணலில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. கட்டி இல்லை. ஜாடியை வெறுமனே புதைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

பஸ்யூனி வாயில் ரொட்டியோடுதான் செத்தான். ஹிஃப்னிதான் குளிப்பாட்டினான். முறைப்படி வயிற்றை மெல்ல அழுத்தினான். கை இறங்கியது... இறங்கி... முதுகெலும்பில் போய் முட்டியது.

வெளியே வந்து தவ்லத்தின் முன்னால் நின்றான்.

“அக்கா... மச்சானுக்கு எப்ப ஆபரேஷன் பண்ணாங்க? இடுப்புக்கு மேல, இடது பக்கம், தையல் போட்டிருக்கு... நூலெல்லாம் இத்துப்போயி...”

பஸ்யூனி ஆயுசில் ஓர் ஊசிகூடப் போட்டுக்கொண்டதில்லை.