உள்ள நாலு சிலிண்டர், வெளிய ஒரு பூட்டு

இல்ல தம்பி, கேட்டைத் தள்ளாதீங்க, அது வராது. பூட்டியிருக்கு. கீழ பாருங்க, உங்க கால்பக்கம், பித்தளைப் பூட்டு. சாவி என்கிட்ட இல்ல, வீட்டம்மாகிட்ட இருக்கு. ஆஸ்பத்திரியில டியூட்டி முடிஞ்சு இப்ப வந்துடுவா. உங்ககிட்ட அஞ்சு மணிக்கு வரச் சொன்னாளா? நான் போன்ல நாலுன்னு சொல்லிட்டேன் போல. சரி விடுங்க, வந்தது வந்துட்டீங்க. அந்த பெயிண்ட் வாளியக் கவுத்துப் போட்டு உக்காருங்க. சோபா தைக்கிறவன் வீட்டு வாசல்ல வாளி மேல உக்காந்துட்டு வந்தேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க. பொழப்பு கெட்டுப் போயிடும்.

டீ குடிக்கிறீங்களா? ஃபிளாஸ்க்ல இருக்கு. இந்தாங்க, டம்ளர் இந்தக் கம்பிக்கு நடுவுல வரும். நெருப்பு அணைக்கிற சிலிண்டர்தான் வராது, போட்டுப் பாத்துட்டேன்.

நீங்க பாக்க வேண்டிய சிலிண்டர் அந்த மூலையில இருக்கு. இருங்க, தூக்கிட்டு வந்து கம்பிகிட்ட காட்டறேன். இந்தப் பக்கம் குனிஞ்சு பாருங்க, மீட்டர் தெரியுதா? பச்சையில நிக்க வேண்டிய முள்ளு சிவப்புல படுத்துக் கெடக்கு. மத்த மூணும் நல்லாத்தான் இருக்கு. இது ஏன் இறங்குச்சுன்னு என்னைக் கேட்டா? நான் சோபாக்காரன் தம்பி, அது உங்க டிபார்ட்மென்ட். வெயிலா இருக்குமோ? வெயிலுக்கு இறங்காதா? ஓ. நீங்க சொன்னா சரிதான்.

நாலு எதுக்குன்னா, எல்லாம் அவ ஏற்பாடு. ஒரு கார் நிக்கிற ஷெட்டுக்கு நாலு சிலிண்டர் வேற எவன் வீட்லயாவது பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. ஆனா அவளையும் குத்தம் சொல்ல முடியாது. அங்க பாருங்க, செவுரு ஒசரத்துக்கு ஃபோம் அடுக்கியிருக்கேன். அது பாக்கறதுக்குத்தான் சாது. பத்திக்கிச்சுன்னா ஆளு திரும்பிப் பாக்கறதுக்குள்ள கூரைக்குப் போயிடும். அதோட புகை நெருப்பவிட மோசம், ரெண்டு மூச்சு இழுத்தா ஆளு காலின்னு நீங்கதானே சொன்னீங்க. அதுக்குப் பக்கத்துலயே ஒட்டுற பசை டின்னு. ரெக்ஸினை இளக்குறதுக்கு சூடு ஊதற மெஷின் வேற. அதனால பசைக்கு ஒண்ணு, ஃபோமுக்கு ஒண்ணு, ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்துல ஒண்ணு, சமையக்கட்டுக்குப் போற வழியில ஒண்ணு. காலையில கிளம்பும்போது நாலையும் ஒவ்வொண்ணா பாத்துட்டுத்தான் போவா. நர்ஸம்மா இல்லையா, வார்டுல பேஷன்ட்டுக்கு பிரஷர் பாக்கற மாதிரியே பாப்பா. கடைசியா என்னைப் பாப்பா. அப்புறம் வெளிய போய்ப் பூட்டுவா.

ஆமா, நான் உள்ள இருக்கும்போதேதான்.

வீட்டு வாசலா? அதையும்தான் பூட்டுவா. ஜன்னல் பூரா கம்பி. சமையக்கட்டு, ரூம், பாத்ரூம், இந்த ஷெட்டு, இதுக்குள்ள நான் ராஜா. ஷட்டரை மட்டும் தூக்கி விட்டுட்டு, இந்தக் கம்பிக் கேட்டைப் போட்டுட்டுப் போவா, காத்து வரணுமில்ல.

நீங்க போன தடவை சர்வீஸுக்கு வந்தப்ப எங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சு கிளாஸ் எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. அதெல்லாம் எனக்கு நல்லாவே இருக்கும், கொஞ்சம் கொஞ்சம்தான் போயிடுது. பின்னை இழுக்கணும், குழாயை நெருப்போட அடியப் பாத்துப் புடிக்கணும், கைப்பிடிய அமுக்கணும், இப்படியும் அப்படியுமா வீசணும். சரியா சொல்றேனா? அப்புறம் ஒண்ணு சொன்னீங்க. எப்பவும் வாசல் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும், அணையலேன்னா அப்படியே பின்னாலயே நடந்து வெளிய போயிடணும், வீரம் காட்டக் கூடாதுன்னு. நான் தினம் அப்படித்தான் நின்னு பாக்கறேன் தம்பி. பசை டின்னைப் பாத்து நிக்கறேன், வாசல் கரெக்டா முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு. பின்னாலயே நடந்து வந்தா இந்தக் கம்பி முதுகுல இடிக்குது.

அவ கெட்டவ இல்ல. முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க, அதுக்காகத்தான் சொல்றேன். நடந்தது என்னன்னா, ஒருத்தருக்கு டைனிங் டேபிள் நாற்காலிக்கு சீட்டு மாத்திக் குடுத்தேன். என் வேன்லயே ஏத்திக்கிட்டு டெலிவரிக்குப் போனேன். முப்பது வருஷமா போற ரோடுதான். ஒரு திருப்பத்துல வண்டிய நிறுத்தினேன், இடதா வலதான்னு தெரியல. அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். மறுநாள் காலையில எங்கயோ ஒரு பெட்ரோல் பங்க்ல இருந்தேனாம். நாற்காலியெல்லாம் இறக்கி, பம்ப்புக்குப் பக்கத்துல வரிசையா போட்டு, வர்றவங்க போறவங்களையெல்லாம் உக்காருங்க உக்காருங்கன்னு சொல்லிட்டு இருந்தேனாம். ரெண்டு பேர் உக்காந்தும் இருக்காங்க. சீட்டு நல்லா இருக்குன்னு சொன்னாங்களாம், போலீஸ்காரர் சொன்னார். சிரிங்க, பரவாயில்ல, நானே சிரிப்பேன். அவ முன்னாடி மட்டும் சிரிச்சுடக் கூடாது.

அன்னைக்கு ராத்திரி பூரா அவ ரோடு ரோடா அலைஞ்சிருக்கா. ஆஸ்பத்திரி பிணவறை வரைக்கும் போய்ப் பாத்திருக்கா. வேலை பாக்கற இடத்துலயே புருஷனைத் தேடி அந்த ரூமுக்குப் போறதுன்னா யோசிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு என் சட்டையக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் தூங்கினா. வேலைய விடலாம்னா மாத்திரை யார் வாங்குறது, ஆள் வெக்கலாம்னா வந்த ஆளு ரெண்டாவது நாளே ஓடிட்டான். ஓயாம பேசிக்கிட்டு இருப்பேன்ல, காது வலிக்குதுன்னு சொல்லிட்டானாம். அதனால வேனை வித்துட்டா. போன்ல இருந்த கஸ்டமர் நம்பரெல்லாம் அழிச்சுட்டா, ஆர்டர் எடுத்துட்டுக் கிளம்பிடுவேனாம். அப்புறம் இந்தப் பூட்டு.

பக்கத்து வீட்டுல ஒரு பேங்க்காரர் இருக்கார், ரிட்டயர்டு. முதல்ல அவர்கிட்ட ஒரு சாவி குடுத்து வெச்சிருந்தா. அவர் நல்ல மனுஷன். ஒரு நாள் எனக்காகப் பாவப்பட்டுத் திறந்து விட்டு, முக்கு வரைக்கும் கூட்டிட்டுப் போனார். ஜூஸ் குடிச்சோம். கிளாஸை வெச்சுட்டு அவர் திரும்பிப் பாக்கறதுக்குள்ள நான் பஸ் ஏறிட்டேனாம். நல்லவேளை, அடுத்த ஸ்டாப்லயே கண்டக்டர் இறக்கி விட்டுட்டார். அன்னைக்கு சாயங்காலமே சாவி திரும்பி வந்துடுச்சு. இப்ப அவர் இந்தப் பக்கம் வர்றதே இல்ல. தெருவுல போகும்போது எதிர்ப்பக்கமாப் போய்க் கைய மட்டும் ஆட்டுவார். பயந்துட்டார் பாவம்.

வேலையா? செய்யறேனே. அதோ அந்த மூணு பேர் சோபா இருக்குல்ல, பச்சை ரெக்ஸின். எங்க வீட்டுதுதான். அதைப் பிரிப்பேன், ஃபோமை எடுப்பேன், திரும்ப வெச்சுத் தைப்பேன். தச்சு முடிச்சதும் திரும்பப் பிரிப்பேன். ரெக்ஸின்ல ஓட்டை மேல ஓட்டை விழுந்து இப்ப தையல் நிக்க மாட்டேங்குது. அவளுக்குத் தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டா. என்னங்க, இன்னைக்கு நல்லா வந்திருக்குன்னு சொல்லிட்டு சமைக்கப் போயிடுவா. மனசு விட்டுச் சொல்றேன் தம்பி, மத்தியானம் மூணு மணிக்கு இந்தத் தெருவுல ஒரு நாய்கூட வராது. கம்பியப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். மூச்சு முட்டும். காத்து வருது, வெளிச்சம் வருது, ஆனாலும் முட்டும்.

அதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க சொன்னா அவ கேப்பா. முள்ளு பாருன்னு சொன்னீங்க, பாக்கறா. பசை டின்னைத் தள்ளி வையுன்னு சொன்னீங்க, தள்ளி வெச்சா. அதே மாதிரி இதையும் சொல்லுங்க. ஃபோம் இருக்கற இடத்துல ஆள் உள்ள இருந்தா, வெளியப் பக்கம் பூட்டக் கூடாது, உள்ள இருந்தே திறக்கற மாதிரி ஒரு தாழ்ப்பாள் இருக்கணும். ரூல் அப்படித்தானே? அப்படித்தான்ல? நான் சொன்னா, போறதுக்குப் பாக்கறேன்னு நெனப்பா. நீங்க கம்பெனி பேரு பாக்கெட்ல எழுதின சட்டையப் போட்டுக்கிட்டு ரூல்னு சொன்னா அது ரூல். ஒரே ஒரு சாவி போதும் எனக்கு. நெருப்புன்னா மட்டும்தான் தொடுவேன்னு சத்தியம் பண்ணித் தரேன்.

இப்பவேவா? போன்லயா? நேர்ல சொல்லலாம்னு பாத்தேன். சரி, போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. வேணாம் வேணாம், ஸ்பீக்கர் வேணாம். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுங்க. நான் உள்ள சிலிண்டரை மாட்டிட்டு வரேன்.

பேசிட்டீங்களா? என்ன சொன்னா?

முழுசாச் சொல்லுங்க தம்பி, நான் சின்னக் குழந்தையா?

ம். ஆமா. நெருப்பு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், ஆனா சாவி குடுத்தா இவர் கட்டாயம் போயிடுவார். அப்படியா சொன்னா. தப்பில்ல, கணக்கு சரிதான். நெருப்ப அணைக்க ஆள் இருக்கு, இவரைக் கண்டுபிடிக்க யார் இருக்கான்னு கேட்டாளா? அழுதாளா? பஸ்ல இருக்கா இல்ல, பஸ்ல அழ மாட்டா. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் அழுவா.

தப்பு என்னோடதுதான். உங்களை இதுல இழுத்திருக்கக் கூடாது. விடுங்க.

அப்புறம் வேற என்ன சொன்னா? புதுசா இன்னொண்ணா? அது என்னது, தானா வேலை செய்யறதா? கூரையில தொங்க விடறதா? சூடு பட்டா தானா வெடிச்சு பவுடர் கொட்டிடுமா? ஆளே வேணாமா? பின்னை இழுக்க வேணாம், குழாய் புடிக்க வேணாம். இந்த நாலையும் எடுத்துட்டு அதுல நாலு மாட்டச் சொன்னாளா? அவருக்கு எதுக்கு வீணா சிரமம், அவர் கை படாம எல்லாம் ஆகணும்னு. ம். நல்ல மனசு அவளுக்கு. எல்லாத்துக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சுடுவா.

அந்தக் கூரை சாமானுக்கு மீட்டர் இருக்குமா தம்பி? இருக்கும். ஆனா பத்தடி ஒசரத்துல இருக்கும். ஏணியும் கிடையாது, அதையும் அவ குடுத்துட்டா.

வேணாம் தம்பி. அதை மாட்டாதீங்க. ஸ்டாக் இல்லேன்னு சொல்லிடுங்க, இந்த ஷெட்டுக்கு ஒத்து வராதுன்னு சொல்லிடுங்க, உங்களுக்குத் தெரியாததா. ஏன்னா, என்னன்னு சொல்றது. கை எட்டாது. போன தடவை நீங்கதான் கிளாஸ்ல சொன்னீங்க, டெஸ்ட் பண்றேன்னு சும்மாகூட அமுக்கிடாதீங்க, ஒரு தடவை லேசா அமுக்கினாலே பவுடர் சிலிண்டரோட வாயில சிக்கிக்கும், அப்புறம் காத்து கசிஞ்சு கசிஞ்சு ரெண்டு மூணு நாள்ல முள்ளு சிவப்புக்கு வந்துடும், கம்பெனிக்கு போன் பண்ணி எங்களைக் கூப்பிட வேண்டியதுதான்னு. ஆமா. லேசாத்தான் அமுக்கினேன். ஒரு குஷன் உறையைக் குழாயோட வாயில மாட்டி, அதுக்குள்ளயே விட்டு, தச்சுட்டேன். ஒரு துளி வெளிய சிந்தல. அவளுக்கே தெரியல.

அப்படிப் பாக்காதீங்க. நெருப்பு வந்தா என்ன பண்ணுவேன்னு எனக்கும் தெரியும், மிச்சம் மூணு இருக்குல்ல. ஒரே நேரத்துல எல்லாத்தையும் தொட மாட்டேன். கொஞ்ச நாள் விட்டு விட்டுத்தான்.

அதோ, அவதான் வர்றா. பையை வாங்கிக்கங்க, கனமா இருக்கும். இன்னும் கொஞ்சம் டீ இருக்கு, ஊத்தவா?