பூட்டு எடுக்கப்பட்ட நான்காவது அடுக்கு

நான் மேற்கண்ட விலாசத்தில் கணவர், மகள், மாமியாருடன் குடியிருந்து வருகிறேன். வயது முப்பத்தெட்டு. ஆராய்ச்சி நிலையத்தின் கணினிக் கூடத்தில் வேலை செய்கிறேன். பல துறை ஆராய்ச்சியாளர்கள் அனுப்பும் கணக்கீடுகளை வரிசையில் நிறுத்தி, எந்த இயந்திரம் காலியோ அதில் ஏற்றிவிடும் மென்பொருளைக் கவனிப்பது என் பொறுப்பு.

சம்பவத்தன்று காலை, கூடத்தில் இயந்திரங்களை ஏற்றி வைத்திருக்கும் இரும்பு அடுக்குகளில் நான்காவது அடுக்கில், அவற்றைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் கசிவதாகத் தெரிந்து ஃபிட்டரை வரவழைத்தோம். அவரை எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். அதன்பிறகு நான் அந்த அடுக்கை மென்பொருளில் பூட்டினேன். பூட்டினால் அங்கே எந்தக் கணக்கீடும் போகாது. வேலையில்லாத இயந்திரம் அதிகம் சூடாகாது என்பதால், மின்சாரத்தை நிறுத்தாமல் தண்ணீரை மட்டும் அடைப்பது எங்கள் வழக்கம். பெரியப்பா வால்வை மூடிவிட்டு, "பூட்டிட்டியாம்மா? உள்ள கைய விடப்போறேன்" என்று கேட்டார். "பூட்டியாச்சு, தைரியமா விடுங்க" என்றேன்.

அதன்பிறகு நான் என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் முதுகு தெரிந்தது. சிறிது நேரத்தில் அந்தப் பக்கத்து விசிறிகள் இரையத் தொடங்கின. திரையைப் பார்த்தபோது நான்காவது அடுக்கு முழுவதிலும் கணக்கீடு ஓடிக்கொண்டிருந்தது. உடனே கண்ணாடியைத் தட்டிக்கொண்டே கதவுக்கு ஓடினேன். அதற்குள் குழாய் ஒன்று பிடுங்கிக்கொண்டு, கொதிநீர் அவர் முகத்தில் அடித்தது. அவர் கத்தவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தம் வராமல் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சூடேறினால் தானாக அணைய வேண்டிய இயந்திரங்கள் ஏன் அணையவில்லை என்பது எனக்குத் தெரியாது.

அதன்பிறகு காவலாளி அவரை வெளியே இழுத்து வந்தார், நான் கூடத்தில் ஓடிய அத்தனை கணக்கீடுகளையும் நிறுத்தினேன். ஆம்புலன்ஸ் வருமுன் வானிலைத் துறை ஆராய்ச்சியாளர் வேகமாக வந்து, தன் கணக்கீடு ஏன் நின்றது என்று கேட்டார். பூட்டை எடுக்கும் அதிகாரம் என்னைத் தவிர அவருக்கு மட்டுமே உண்டு. நாங்கள் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் என் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர்.

"நீங்களா பூட்ட எடுத்தீங்க?" என்றேன்.

"ஒரு அடுக்கே சும்மா கெடந்துச்சு. நீ எடுக்க மறந்துட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

அப்போதுதான் தரையில் கிடந்தவரைப் பார்த்தார். "உள்ள ஆள் இருந்தாரா?" என்றார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார்.

அதன்பிறகு ஆஸ்பத்திரியில், இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொன்னார். பெரியப்பாவின் மனைவி அவருடைய ஈரச் சட்டையை மடியில் வைத்தபடி, "மெஷின் தானா ஓடுச்சா, இல்ல யாராவது ஓட விட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார். "ஓட விட்டாங்க" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. போலீஸ் விசாரணையில் நீங்கள் கேட்டதால் இங்கே சொல்லியிருக்கிறேன்.

இதில் உள்ளவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்)