அட்டையில் இரண்டு பெயர்

தலைமையேற்றுத் தகைமை சேர்க்கும் பெரியவர் அவர்களே, அரங்கத்தையே அழவைத்துவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, ஆன்றோரே, வேலை முடிந்து வீட்டுக்கும் போகாமல் வந்திருக்கும் அன்னையரே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இந்தப் படத்தில் வரும் பதினாறு வயதுப் பெண் நான்தான். கை தட்டாதீர்கள், நடித்தவர் என்னைவிட அழகு.

படத்தில் வரும் அந்த எழுத்தாளருக்கு வாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டும் வேலைக்கு என் அம்மா போனார். பள்ளி விட்டதும் நானும் போவேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அவருடைய கடைசி நாவல் அப்படித்தான் வளர்ந்தது.

ஒரு நாள், கணவனை இழந்தவள் கதறி அழுதாள் என்று சொன்னார். அவன் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள் என்று நான் எழுதினேன். ஆணவமா? அறியாமையா? இன்றும் எனக்குத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். முகம் சிவந்தது. இனி இவளை அழைத்து வராதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். வேலை போய்விடுமோ என்று அம்மா வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தார்.

நான்காம் நாள் அவரே வரச் சொன்னார்.

"என் வரியில அழறது நான். உன் வரியிலதான் அவ இருக்கா," என்றார்.

அதன்பின் வரிக்கு வரி வாதாடினோம். கடைசி மூன்று அத்தியாயங்களின்போது அவருக்கு நாக்கும் குழறியது. அவற்றை நானே எழுதினேன்.

பதிப்பாளர் வந்தார். அட்டையில் அவர் பெயர் மட்டும் போதும், இந்தப் பெண்ணுக்கு முன்னுரையில் ஒரு நன்றி சொல்லிவிடலாம் என்றார். அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். படத்தில் என்ன பார்த்தீர்கள்? பதிப்பாளர் மனம் மாறுகிறார். மேடை, மாலை, மகிழ்ச்சிக் கண்ணீர். நடந்தது அதுவல்ல.

"ரெண்டு பேர் எழுதினது, அட்டையில ரெண்டு பேரு வரணும். முடியாதுன்னா வச்சிட்டுப் போங்க," என்றார் எழுத்தாளர்.

பதிப்பாளர் வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவரும் அப்படியே போனார்.

"சார், என் பேரு வேணாம். புத்தகம் வந்தாப் போதும்," என்று கெஞ்சினேன்.

"பேரு இருக்கறவன்தான் வேணாம்னு சொல்லலாம். உனக்கு இன்னும் வரல," என்றார்.

அந்தக் கோடையிலேயே இறந்துபோனார். நாவல் அச்சேறவில்லை. பின்வரிசையில் ஓர் அம்மா உச்சுக் கொட்டுகிறார். இல்லையம்மா, பதினொரு ஆண்டுகள் கழித்து வந்தது, இரண்டு பெயர்களோடு. ஆனால் அவர் பார்க்கவில்லை.

முப்பது நூல் தந்த மனிதர், முப்பத்தோராவது நூலை ஏன் விட்டுக்கொடுத்தார்? பாசமா? பரிவா? பெருந்தன்மையா? என்னைத் தட்டிக்கொடுத்து அவர் ஒரு சொல் சொன்னதில்லை. கட்டியணைத்ததும் இல்லை. எழுதியது யார் என்று கேட்டார்கள், உள்ளதைச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குத் தன் கடைசிப் புத்தகத்தைக் கொடுத்தார். நான் அவரிடம் கற்றது அதுதான். எழுத்து எனக்கு முன்பே வந்திருந்தது.

இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.