பன்னிரண்டு வார மாத்திரை

எழுத்தர்: "மார்ச் ஆறு. ஒரு தவறு. தையல்காரக் கைதியின் மருந்து மனுவை விடுப்பு மனுக்களின் கட்டுக்குள் சொருகிவிட்டேன். இரண்டு நாள் தாமதம்." இப்படித்தான்க்கா டைரியில எழுதியிருக்கேன்.

நர்ஸ்: ரெண்டு நாளுக்கே இப்படி உருகறியா? இந்த ஜெயிலுக்குள்ள ரெண்டு வருஷமா அந்த மனுஷனோட ஈரல் கெட்டுக்கிட்டிருக்கு. எவனாவது டைரி எழுதினானா?

எழுத்தர்: இல்லக்கா, என் பங்குக்கு...

நர்ஸ்: உன் பங்கை ஓரமா வை. பெரிய டாக்டர் என்ன எழுதியிருக்காரு? படி.

எழுத்தர்: "எஞ்சிய தண்டனை ஆறு மாதத்துக்கும் குறைவு. ஹெபடைடிஸ் சி சிகிச்சையை விடுதலைக்குப் பின் வெளியில் பெறலாம்."

நர்ஸ்: மாத்திரை எத்தனை வாரம்?

எழுத்தர்: பன்னெண்டு.

நர்ஸ்: அவருக்கு மீதி?

எழுத்தர்: அஞ்சு மாசம். தாராளமா முடிச்சிரலாமே!

நர்ஸ்: அவரு முதல்ல மருந்து கேட்டப்போ?

எழுத்தர்: "ஈரல் இன்னும் நல்லாத்தான் இருக்கு, காத்திருக்கட்டும்"னு...

நர்ஸ்: நல்லா இருந்தா பொறு, கெட்டுப்போனா வெளிய போ. என்ன நியாயம்டி இது!

எழுத்தர்: தீர்ப்புல மூணு வருஷம்னுதான் இருக்கு. ஈரலையும் குடுன்னு இல்லை.

நர்ஸ்: அடேயப்பா! நீ போற சாயங்கால சட்ட வகுப்புல வாயும் சொல்லித் தர்றாங்களா? ஆமா... மனுவில இருக்கற குண்டு குண்டு எழுத்து யாருது? அவரு கையெழுத்தே கோணலா வருமே.

எழுத்தர்: ...தெரியலக்கா.

நர்ஸ்: தெரியலையா? கைதிக்கு மனு எழுதிக் குடுத்தா சீட்டுக் கிழிஞ்சிரும். அதுவாச்சும் தெரியுமா?

எழுத்தர்: தெரியும்... நான்தான் எழுதினேன். சரியா எழுதினேனான்னுதான் பயமே. நாளைக்கு மருத்துவக் குழு கூடுது. "மருந்து வரவே மாசக்கணக்காகும்"னு சொல்வாங்க. அதை எப்படி மறுக்கறது?

நர்ஸ்: நாலு நாள்ல வரும்.

எழுத்தர்: யாருக்கு வந்துச்சு?

நர்ஸ்: எனக்கு. போன வருஷம் அவருக்கு ரத்தம் எடுத்தப்போ அதே ஊசி என் விரல்ல ஏறிருச்சு. அவரு நோய் எனக்கும் வந்துச்சு. ஒதுக்கி வெச்சிருவாங்கன்னு வீட்டுலகூட வாயைத் திறக்கல. ரிப்போர்ட் வந்த நாலாம் நாள் இதே ஜெயில் ஆஸ்பத்திரியில என் கையில மாத்திரை. பன்னெண்டு வாரம், குணமாயிருச்சு. டைரியை எடு, எழுதிக்கோ: நாளைக் காலை பத்து மணி, குழு அறை. அவரு ரிப்போர்ட் பக்கத்துல என் ரிப்போர்ட்டையும் வைக்கணும்.