மிஸ்ஸியைப் படுக்கையிலிருந்து எழுப்பியவர்கள்

பின்வரிசையில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் தாய்மாரே, முதல் வணக்கம் உங்களுக்கு. மேடைக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்ற முறை எனக்குத் தெரியும். மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கும், தலைமை தாங்கும் கிராமச் சங்கத் தலைவர் திரு. சிற்றம்பலம் அவர்களுக்கும் வணக்கம் சொல்லிவிட்டேன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெகதீஸ்வரி. இந்த வீரையடிக்குளம் குடியேற்றத்திட்டத்தின் மருத்துவிச்சி. காலஞ்சென்ற பொதுச் சுகாதாரத் தாதி, நாம் எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிட்ட செல்வி கமலாசனி அவர்களோடு மூன்று வருடம் ஒரே குவாட்டர்ஸில் இருந்து, ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட்டவள். எனக்கு முன் பேசியவர்கள் அவரைக் கருணைக்கடல் என்றார்கள், தியாகச் சுடர் என்றார்கள். இறைவன் அழைத்துக்கொண்டான் என்றார்கள். ஐயாமாரே, இறைவன் தலையில் பழியைப் போடாதீர்கள்! முப்பத்தொரு வயதுப் பெண்ணை அழைத்தது ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை வரவழைத்தவர்கள் இதே மண்டபத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

மிஸ்ஸி இங்கே என்ன செய்தார்? சொல்கிறேன், கேளுங்கள். குக்கல் இருமல் பரவிய வருடம், புளியங்குளம் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் கச்சு முகம்மது அவர்களின் மகள் ஜொஹறாவின் குழந்தை இருமி இருமி நீலம் பாரித்தது. கொடுத்ததெல்லாம் சத்தியாக வந்தது. எப்படியும் வெளியே வரப்போகிறது என்று தாய் ஊட்டுவதையே நிறுத்திவிட்டாள். மிஸ்ஸி கஞ்சிக் கோப்பையோடு குசினியில் குந்தியிருந்தார். பிள்ளை இருமி, சத்தியெடுத்து, ஓய்ந்தது. உடனே ஊட்டத் தொடங்கினார்.

"சத்தியெடுத்த கையோட குடுங்கோ, ஜொஹறா. இனிக் கொஞ்ச நேரத்துக்கு இருமல் வராது. இப்ப போறதுதான் வயித்தில தங்கும்."

நாற்பது நாள் அப்படி ஊட்டினார்கள். அந்தக் குழந்தை இதோ மூன்றாம் வரிசையில் பணிஸ் தின்றுகொண்டிருக்கிறது.

சின்னமுத்து வந்த வீடுகளில், அம்மாள் வந்திருக்கிறா, கண்ணைத் தொடக்கூடாது என்று பீளை கட்டிய கண்ணோடு பிள்ளைகளை இருட்டில் போட்டிருந்தீர்கள். மிஸ்ஸி உங்களோடு சண்டை பிடித்தாரா? செருப்பைப் படலையில் கழற்றிவிட்டு வந்தார். கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, "அம்மாள் கோவிக்கமாட்டா, நான் மெல்லமாத் துடைக்கிறன்" என்று சொல்லித் துடைத்தார். எத்தனை பிள்ளைகள் இன்று கண் தெரிந்து நடக்கிறார்கள்!

படலையில் வேப்பிலை கட்டுவதை அவர் ஒருநாளும் பழித்ததில்லை. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியார் எவரும் நுழையமாட்டார்கள். "இந்த இலை என்ர வேலையில பாதியைச் செய்யுது, ஜெகதீஸ்" என்பார். அந்த எண்ணத்தில்தான், நம் சனங்களுக்கு விளங்கும் பாசையிலேயே பேசுவோம் என்று, தொண்டைக்கரப்பன் வந்த வீட்டுக்கும் வேப்பிலை கட்டினார். அது அம்மாள் வருத்தம் அல்ல. ஆனால் தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்து, மூச்சை அடைத்துப் பிள்ளையைக் கொல்லும் வருத்தம். ஒரு பிள்ளையிடமிருந்து பத்துப் பிள்ளைக்குத் தொற்றும்.

அவர் முதன்முதலாகக் கட்டியது யாருடைய படலையில்? நம் தலைவர் வீட்டுப் படலையில்! சென்ற கார்த்திகை, வியாழக்கிழமை. ஞாயிறு தலைவரின் இளைய மகளுக்குக் கலியாணம். மூத்த மகளின் ஐந்து வயதுப் பையனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மழைவெள்ளம் பாலத்தை மூடியிருந்ததால் பையனைக் கொண்டுபோக வழியில்லை. மிஸ்ஸி நீந்திக் கடக்கக்கூடிய ஓர் ஆளை அனுப்பி, வவுனியாவிலிருந்து எதிர்நச்சு மருந்தை எடுப்பித்து, வெள்ளியன்று தன் கையால் ஊசி போட்டார். கலியாணத்தைப் பத்து நாள் தள்ளிவையுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டார்.

தலைவர் என்ன செய்தார்? வேப்பிலையைப் பிய்த்து எறிந்தார். அதே படலையில் வாழைமரம் கட்டினார். பந்தியில் நூற்றைம்பது இலை போட்டார். பின்னறையில் பேரனின் தலைமாட்டில் காவல் இருந்த மிஸ்ஸிக்கு ஒரு வாய் சோறு கொடுக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

திங்கட்கிழமை மிஸ்ஸிக்கு எதிராக மேலிடத்துக்குப் பெட்டிசம் போனது, முறைப்பாட்டு மனு. அம்மாள் வராத வீட்டில் வேப்பிலை கட்டித் தெய்வநிந்தனை செய்தாராம். மங்கல வீட்டை அமங்கலப்படுத்தினாராம். சாதி பாராமல் கண்ட கண்ட வீட்டில் தண்ணீர் குடிக்கிறாராம். ஒழுக்கம் சந்தேகத்துக்குரியதாம்! இருபத்துமூன்று கையெழுத்து. ஒரு பெண்ணை விழுத்துவதற்கு இந்த ஊர் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறது!

அடுத்த வியாழனுக்குள், கலியாண வீட்டில் சாப்பிட்ட ஆறு பிள்ளைகளுக்குத் தொண்டைக்கரப்பன். பள்ளிக்கூடத்துப் பழைய கொட்டிலை மிஸ்ஸி வார்ட்டாக மாற்றினார். பிந்திக் கொண்டுவந்த இரண்டு பிள்ளைகளை நாங்கள் புதைத்தோம். பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள். கரண்டி, கோப்பை எல்லாவற்றையும் அவித்தார். தொண்டை துடைத்த சீலையை எரித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளை எழும்பவிடவில்லை. தலையணைகூட வைக்கவிடவில்லை.

"தொண்டை மாறிச் சுகமாப்போச்செண்டு ஏமாறாதேங்கோ. இந்த நஞ்சு நெஞ்சில போய் இருக்கும். இருபத்தொரு நாள் படுத்தபடி. எழும்பி நாலடி நடந்தாலும் நெஞ்சு நிண்டிடும்." இதை ஒவ்வொரு தாய்க்கும் சொன்னார். பெட்டிசத்தில் ஒன்பதாவதாகக் கையெழுத்து வைத்த வீரகத்தி அண்ணரிடமும் சொன்னார். வீரகத்தி அண்ணை, அழாதீர்கள்! உங்கள் மகளை இருபத்தொரு நாள் கரண்டியால் ஊட்டி வளர்த்தார். அப்போது உங்கள் கையெழுத்து உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா?

தை மாதம் அந்த வருத்தம் அவரையே பிடித்தது. ஊசி போட்டோம். தொண்டை சுகமானது. பன்னிரண்டாம் நாள், பெட்டிசத்தின் பிரதியோடு விசாரணைக் கடிதம் வந்தது. மறுநாளே நேரில் சமுகமளிக்க வேண்டும், தவறினால் வேலையிலிருந்து இடைநிறுத்தம்.

நான் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். யாரிடம்? தலைவரிடம்! முற்றத்தில் அவருடைய பேரன் டயர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். ஓம், அதே பையன். நான் கேட்டது இவ்வளவுதான்:

"ஐயா, பெட்டிசத்தை வாபஸ் வாங்கிறன் எண்டு நாலு வரி எழுதித் தாங்கோ. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன். அவா எழும்பக்கூடாது, ஐயா."

தலைவர் சொன்னார்: "அது மேலிடத்துக்குப் போன விசயம், பிள்ளை. இனி மாத்தி எழுதினா என்ர மரியாதை என்னாகிறது? போய் நடந்ததைச் சொல்லிப்போட்டு வரட்டுமன்."

நாலு வரி! சபையோரே, நாலு வரி!

போகவேண்டாம் என்று நான் மிஸ்ஸியின் காலைப் பிடித்தேன். "நான் போகாட்டி இந்தக் கொட்டிலைப் பூட்டிப்போடுவாங்கள். நாலு பிள்ளையள் இன்னும் படுக்கையில. பூட்டினா அதுகள் எழும்பித்தானே வீட்டை போகவேணும்" என்றார். சேலையை மாற்றினார். நான் கூடப் போனேன். கடிதம் அனுப்பிய அலுவலகத்தில் விசாரித்த கனவான் கதிரை கொடுக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் நிற்கவைத்தே விசாரித்தார். கதவிடுக்கால் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். திரும்பும்போது புளியங்குளம் சந்தியில் பஸ்ஸால் இறங்கினோம். "கொஞ்சம் படுக்கவேணும், ஜெகதீஸ்" என்றார். கச்சு முகம்மதுவின் கடை வாங்குப் பலகையில் கிடத்தினோம். ஜொஹறா தண்ணீர் கொண்டுவருவதற்குள் என் விரலுக்கடியில் நாடி நின்றுவிட்டது.

இது வருத்தத்தால் வந்த சாவா? நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டேன்!

எனக்குப் பழி வேண்டும். இரங்கல் கூட்டத்தில் பேசக்கூடாத சொல் இது. தெரிந்துதான் பேசுகிறேன். இனி அந்தக் கொட்டிலை நடத்தப்போவது நான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றினதும் தொண்டையைப் பார்ப்பேன். கலியாண வீடென்றும் பார்க்கமாட்டேன், தலைவர் வீடென்றும் பார்க்கமாட்டேன். எந்தப் பிள்ளையையும் சாகவிடமாட்டேன். பேச்சு விளங்கும் வயது வந்ததும், உன்னைப் பிழைக்கவைத்த வேலையைத் தொடங்கியவர் யார், அவரைக் கொன்றவர் யார் என்று சொல்லிக்கொடுப்பேன். உங்கள் சோற்றைத் தின்று, உங்கள் வீட்டிலேயே வளர்ந்து, உங்களைக் கேட்கப்போகிற பிள்ளைகள் அவர்கள். என்மேலும் பெட்டிசம் எழுதுவீர்கள். எழுதுங்கள். சம்பளம் போனாலும் மருத்துவிச்சி உங்களுக்கு வேண்டும்.

நிகழ்ச்சி நிரலின்படி இனி அனைவரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கவேண்டும். தாய்மாரே, நீங்கள் எழும்பவேண்டாம். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருங்கள். என் கையில் இருப்பது அந்தப் பெட்டிசத்தின் பிரதி. இதில் உள்ள இருபத்துமூன்று பேர் மட்டும் நிற்கட்டும். கதிரையைத் தொடாமல், சுவரில் சாயாமல், மிஸ்ஸி நின்ற அந்த இரண்டு மணித்தியாலமும் நிற்கட்டும். நான் மணி பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலாவது கையெழுத்து, சிற்றம்பலம். எழும்புங்கோ, ஐயா.